ஆற்றங்கரை யாருக்கு?

"இரவெல்லாம் ஆற்றங்கரையில் கிடந்து மீன் பிடிக்கும் ஒரு பெண், நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு என்ன பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறாள்?"

நான் பணியாற்றும் பள்ளியில், சென்ற ஆண்டு பெற்றோர் கூட்டத்தில் எழுந்த வினா இது. கேட்டவர் கெட்டவர் அல்லர். படித்தவர், பண்புள்ளவர், தம் மகளை மருத்துவராக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கொண்டவர். அவர் கேட்டதும் அவையில் சிரிப்பொலி எழுந்தது. சிலருடைய சிரிப்பிலே கேலி இருந்தது. சிலருடைய சிரிப்பிலே ஒப்புதல் இருந்தது. வினா என்னைப் பற்றியது. ஆகவே விடையும் நானே எழுதுவதுதான் முறை.

ஆம், மீன் பிடிக்கிறோம். மறைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. நாங்கள் நால்வர். வரலாறு படித்துவிட்டு அதையே கற்பித்து வரும் நான், கணக்கு ஆசிரியை, எனக்கு அக்கா முறை வைத்து அழைக்கும் அளவுக்கு மூத்தவர், கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கும் என் கல்லூரித் தோழி, அவளுடைய அண்ணி. திங்கள் முதல் வெள்ளி வரை சுண்ணாம்புத் துகளும் பேரேட்டுத் தூசியும் அடுப்புப் புகையும் எங்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, ஈயக் குண்டு, கொட்டாங்கச்சி நிறைய ஈரமண்ணும் மண்புழுவும் - இவற்றோடு புறப்பட்டு விடுகிறோம்.

எங்கே செல்வது என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை, தண்ணீர் தீர்மானிக்கிறது. 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை எழுந்த நாளிலிருந்து எங்கள் தஞ்சை மண்டலத்தின் நாட்காட்டி அந்த அணையின் மதகுகளில்தான் தொங்குகிறது. ஜூன் 12ஆம் நாள் திறப்பு, ஜனவரி 28ஆம் நாள் அடைப்பு என்பது மரபு. மரபு தவறிய ஆண்டுகள் பல உண்டு; உழவர் வீட்டு அடுப்புக்கு அது தெரியும். புதுத் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், நாங்கள் புது ஆறு என்றழைக்கும் கல்லணைக் கால்வாய் என நான்காகப் பிரிகிற நாட்களில், நீரை எதிர்த்து ஏறும் கெண்டைகளைக் குடமுருட்டிக் கரையில் நின்றே பார்க்கலாம். தண்ணீர் அடைக்கப்பட்ட பின்னர் ஆறு மணலாகிவிடும். ஆங்காங்கே மடுக்கள் மட்டும் எஞ்சும். மீனெல்லாம் அங்கே ஒதுங்கும். அப்போது எங்கள் பயணம் கொள்ளிடப் படுகைக்கு.

எங்களுக்கு மிக விருப்பமான இடம் அணைக்கரைக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு. அண்ணியின் பிறந்த வீட்டுக்கு உரியது. அங்கே ஒரு மோட்டார் கொட்டகை, அதன் முன்னே சாணமிட்டு மெழுகிய திண்ணை, சற்றுத் தொலைவில் நாணற்புதர், அதற்கப்பால் ஆறு. 1830களில் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை அங்கேதான் நிற்கிறது. தேங்கிய நீர் வடவாறு வழியே வீராணம் ஏரிக்குச் சென்று, 2004ஆம் ஆண்டு முதல் சென்னையின் தாகமும் தீர்க்கிறது. அந்த நீர் நிற்குமிடத்தில் மீனுக்குக் குறைவில்லை. பகலில் கெண்டைக்கு மாவுருண்டை. பொழுது சாய்ந்ததும் கெளுத்திக்கும் ஆராலுக்கும் மண்புழு. கெளுத்தியைத் தூண்டிலிலிருந்து கழற்றுவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். அதன் முள் குத்தினால் கை கடுத்து, மறுநாள் கரும்பலகையில் எழுதவும் முடியாது. கணக்கு ஆசிரியை அந்தக் கலையில் கைதேர்ந்தவர். ஜிலேபியும் கிடைக்கும் - ஆப்பிரிக்க ஆறுகளில் பிறந்து, 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பலகாரப் பெயர் சூட்டிக்கொண்டு நம்மூர்க் குளம் குட்டைகளை எல்லாம் ஆண்டுகொண்டிருக்கும் மீன்! அதைப் பிடிக்க எங்களுக்கு இரக்கம் வருவதேயில்லை.

விரால் அப்படியன்று. செந்நிறக் குஞ்சுகள் ஒரு பந்தாய்த் திரண்டு நீர்மட்டத்தில் மிதக்க, அதன் கீழே தாயும் தந்தையும் காவல் காக்கும். அந்த வேளையில் தூண்டிலைக் கண்டால் சினந்து பாய்ந்து கவ்வும். பிடிப்பது எளிது, பிடித்தால் காவலற்ற குஞ்சுகள் ஒரு நாழிகையில் பிற மீன்களுக்கு இரை. குஞ்சோடு இருக்கும் விராலைத் தொடுவதில்லை என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். எழுதிய சட்டமும் ஒன்று உண்டு. வெடிவைத்தோ நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடுத்துவிட்டது. ஆயினும் இன்று மின்கலத்திலிருந்து கம்பி இழுத்து நீரில் மின்சாரம் பாய்ச்சி, பெரிதும் சிறிதும் சினையும் குஞ்சும் ஒருசேரச் செத்து மிதக்க அள்ளிச் செல்வோரைக் கண்டிருக்கிறோம். அவர்களைப் பார்த்து, "இவர்கள் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக் கொடுப்பார்கள்?" என்று எந்தக் கூட்டத்திலும் எவரும் கேட்டதாக நான் அறியேன்.

இனி, அந்தப் பெரியவரின் வினாவுக்கு வருகிறேன். பெண் மீன் பிடிப்பது புதுமையா? நெய்தல் நிலத்துத் தலைவி மீனை உலர்த்திப் பறவையோட்டிக்கொண்டு நிற்கும் காட்சியைச் சங்கப் புலவர்கள் அழகாகப் பாடினார்கள். நாம் அதைத் தேர்வுக்குப் படித்து மதிப்பெண் வாங்கினோம். ஏட்டில் இருந்தால் இலக்கியம், ஆற்றங்கரையில் நின்றால் இழுக்கா?

ஏடு வேண்டாம், என் வீட்டுக்கே வாருங்கள். என் அப்பாயி நடவு வேலைக்குச் சென்றவர். வரப்போர வாய்க்காலில் நீர் வடியும்போது, முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, கைகளால் தடவித் தடவியே ஆராலும் உளுவையும் பிடிப்பாராம். ஏரி வற்றும் காலத்தில் ஊத்தாவைக் கவிழ்த்து, அதன் வாய்வழியே கைவிட்டு விராலை எடுப்பாராம். அவரோடு இருபது முப்பது பெண்கள். பண்ணையார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஊர்ப் பெரியவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "பெண்கள் மீன் பிடிக்கலாமா?" என்று எவருக்கும் ஐயம் வரவில்லை. ஏன்? அந்த மீன் அன்றிரவுக் கஞ்சிக்குத் துணை. பசிக்காகப் பிடித்தாள், ஆகவே அது பிழைப்பு. அவளுடைய பேத்தி மகிழ்ச்சிக்காகப் பிடிக்கிறாள். ஆகவே அது பிழை!

பெண்ணின் உழைப்பு எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. பெண்ணின் ஓய்வுதான் உறுத்துகிறது. ஆற்றங்கரையைச் சற்று எண்ணிப் பாருங்கள். துணி துவைக்கப் பெண் வரலாம். குடம் சுமக்க வரலாம். ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணியோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போகலாம். ஒரு வேலையும் இல்லாமல், மிதக்கும் தக்கையைப் பார்த்தபடி, வாயை மூடிக்கொண்டு மூன்று மணி நேரம் அமர்ந்திருக்க மட்டும் அவளுக்கு உரிமையில்லை. ஆண் அமர்ந்தால் பொழுதுபோக்கு, பெண் அமர்ந்தால், "வீட்டில் வேலை இல்லையா?"

"ஆபத்து இல்லையா, அம்மா?" என்று கனிவோடு கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு விரிவாகவே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆபத்து உண்டு. அணைக்கரைப் பகுதிக் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. எனவே நாங்கள் நீரில் கால் வைப்பதில்லை, மீனைக் கழுவுவதும் குழாயடியில்தான். மேலே மழை பெய்து நீர் திறந்துவிட்டால், மாலையில் மணலாக இருந்த இடம் விடிவதற்குள் வெள்ளமாகிவிடும். எனவே எத்தனை நிலவு காய்ந்தாலும் மணல் திட்டில் படுப்பதில்லை. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளை ஒரே இரவில் அடித்துச் சென்ற ஆறு அல்லவா இது! மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. முழங்கால் ஆழம் என்று இறங்கினால் அடுத்த அடி ஆளை விழுங்கும். இத்தனையும் உண்மை. ஆனால் இவற்றில் எந்த ஆபத்து பெண்ணுக்கு மட்டும் உரியது? முதலை, ஆணா பெண்ணா என்று பார்த்தா கவ்வுகிறது? எஞ்சுவது மனிதனால் வரும் ஆபத்து ஒன்றே. அதற்குக் கதவைச் சாத்தவேண்டியது எங்கள் வீட்டிலா?

முதன்முறை தங்கியபோது அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் கைவிளக்கோடு வந்து, "ஆம்பளைத் துணை யாரும் வரலியா?" என்று கேட்டார். அண்ணி, "நாங்க நாலு பேரு இருக்கோமே அண்ணே," என்றார். அவர் சற்று நேரம் நின்றார். பின்னர், "அந்த மரத்தடியில போடாதீங்க, கெளுத்தி இந்தப் பக்கந்தான் எடுக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போதெல்லாம் எங்கள் சட்டியில் குழம்பு கொதிக்கத் தொடங்கினால், அவர் வீட்டிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலை தானாக வந்து சேர்கிறது.

வகுப்பறைக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டீர்கள் அல்லவா, பெரியவரே? காட்டனும் கல்லணையும் என் மாணவியருக்கு இன்று வெறும் பெயர்கள் அல்ல. கடலிலிருந்து ஆற்றிலேறி முட்டையிடும் உல்ல மீனுக்கு அணைகள் எப்படி வழியடைத்தன என்று நான் சொன்னபோது, பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "மீனுக்குத் தனி வழி விட்டுக் கட்ட முடியாதா, மிஸ்?" என்று கேட்டாள். உலகில் பல அணைகளில் அப்படி மீன்வழி உண்டு என்றேன். "அப்ப இங்க ஏன் இல்ல?" என்றாள். அந்தக் கேள்வி எந்தப் பாடநூலிலும் இல்லை. கேட்டவள் வேறு யாருமல்லள்; தங்கள் மகள்தான்.

தலைமையாசிரியை என்னை அழைத்து விசாரித்தார். மாணவியரை அழைத்துச் செல்வதில்லை என்பதையும், சனி ஞாயிறு என் சொந்த நாட்கள் என்பதையும் கூறினேன். அவர் ஏதும் எழுதித் தரச் சொல்லவில்லை. எங்களை ஆதரிப்பதாகவும் சொல்லவில்லை. அதுவே போதும் என்று வந்துவிட்டேன்.

புதுத் தண்ணீர் வந்த பின் நாங்கள் செல்லும் அடுத்த பயணத்திற்கு மேலும் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மா. எங்கள் குழம்பின் புளிப்பைக் கேள்விப்பட்டு, அதைத் திருத்தவே வருவதாகச் சொல்கிறார். மற்றொருவர் புதிதாக மணமான அறிவியல் ஆசிரியை. தூண்டில் வாங்கிவிட்டார். வீட்டில் இன்னும் கேட்கவில்லை.