குந்தி எழுந்த காலம்

பார்க்கோர் என்றதும் எல்லோருக்கும் தாவல்தான் ஞாபகத்துக்கு வரும். 2006இல் வந்த ‘கேசினோ ராயல்’ படத்தின் ஆரம்பத்தில் செபாஸ்டியன் ஃபூகான் கிரேன் விட்டுக் கிரேன் தாவுவாரே, அது. எனக்கு ஏக்கம் அதில் இல்லை. யாரும் நின்று வேடிக்கை பார்க்காத, தாவலே இல்லாத அந்த முதல் ஒரு மணி நேரக் கால் பயிற்சிக்காகத்தான் மனசு அடித்துக்கொள்கிறது.

பெசன்ட் நகர் கடற்கரையில் வெயில் ஏறுவதற்குள் கூடுவோம். சொல்லிக் கொடுத்தவரை அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். மாஸ்டர் என்றால் அவருக்குப் பிடிக்காது. முதலில் பஸ்கி. பாதம் முழுக்கத் தரையில் பதிய, தொடை ஆடுசதையைத் தொடும்வரை உட்கார்ந்து எழ வேண்டும். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் குச்சியால் ஒரு தட்டு. பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காருவது. தொடை வெடவெடவென்று நடுங்கும். அண்ணா ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். அப்புறம் நாலுகால் நடை. கையும் பாதமும் தரையில், முட்டி மட்டும் படாமல் மணலில் போக வேண்டும். வாக்கிங் வந்த மாமாக்கள், “என்னப்பா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

குதி கடைசியில்தான். அதுவும் இடுப்பு உயரம்கூட இல்லாத குட்டிச்சுவரிலிருந்து. அண்ணா அதைப் பார்க்க மாட்டார். கடலைப் பார்த்துத் திரும்பி நின்று காதால் கேட்பார். முன்பாதம் முதலில் பட்டு, கணுக்கால், முட்டி, இடுப்பு மூன்றும் மடங்கி வேகத்தை வாங்கிக்கொண்டால் சத்தம் இருக்காது. விறைத்துக்கொண்டு இறங்கினால் ‘தொப்’. “கேட்டுச்சுடா. மறுபடி ஏறு.” தசை வாங்காமல் விட்டதை எலும்பும் மூட்டும் வாங்குகின்றன என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி. சுவர் உயரமாக இருந்தால் இறங்கிய வேகத்தோடு தோள்வழியே உருண்டு எழுவோம்.

இந்த நிதானம் அண்ணா கண்டுபிடித்ததல்ல. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் ஹெபேர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த பயிற்சிமுறை, அதையொட்டி வந்த ராணுவத் தடைதாண்டும் ஓட்டம், அதில் ஊறிப் பாரிஸ் தீயணைப்புப் படையில் பெயர் வாங்கிய ரேமோன் பெல், அவர் மகன் டேவிட் பெல் என்று வந்த வழி அது. பாரிசுக்குத் தெற்கே லிஸ் என்ற சிற்றூரில் டேவிட்டும் நண்பர்களும் பழகியதில் பெரும்பகுதி இந்த அலுப்பூட்டும் அடிப்படைதான். வீடியோவில் அது வருவதில்லை, யார் பார்ப்பார்கள்?

ஆனால் முட்டியின் கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது. தொடைச் சதை சில வாரங்களிலேயே பலம் ஏறிவிடும். முழங்கால் சில்லைக் கீழே காலெலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் அப்படியில்லை, தேற மாதக்கணக்காகும். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது; அழுந்தி விரியும்போது மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. தொடை தயார், தசைநாண் தயாரில்லை என்ற இடைவெளியில்தான் பையன்கள் ஆசைப்பட்டு நாள் முழுக்கக் குதிப்பார்கள். சில்லுக்குக் கீழே விரல் வைத்தால் சுரீரென்று வலிக்கும். ‘ஜம்பர்ஸ் நீ’ என்பது அதுதான். எங்கள் கூட்டத்திலும் அப்படி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதற்கு வைத்தியமும் பஸ்கியே என்பதுதான் வேடிக்கை. குதிகால் மேலே இருக்கும்படி சாய்பலகையில் ஒற்றைக்காலில் நின்று, மெல்ல மெல்ல இறங்க வேண்டும். குதிக்கத் தடை, குந்தத் தடையில்லை.

பிறகு வேலை, ஷிப்ட், நாள் முழுக்க நாற்காலி. பயிற்சி விட்டுப்போனது. இப்போது மாடிப்படி இறங்கினால் முட்டி முணுமுணுக்கிறது. “அந்தக் காலத்துல குதிச்ச குதி, சும்மா விடுமா?” என்கிறார் அம்மா. எனக்கு அதில் உடன்பாடில்லை. குதித்த வருஷங்களில் இந்த முட்டி ஒருநாளும் வலித்ததில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டரும் எலும்பில் ஒன்றுமில்லை, தொடைச் சதை இளைத்துவிட்டது என்றுதான் சொன்னார். எழுதிக் கொடுத்த பயிற்சிச் சீட்டைப் பிரித்தால் முதல் வரியே சுவரில் சாய்ந்து உட்காருவது!

வீட்டுச் சுவரில் செய்துகொண்டுதான் இருக்கிறேன். தொடை அதேபோல நடுங்குகிறது. பக்கத்தில் ஊர்க்கதை பேச ஆளில்லாததால் எண்ணி முடிப்பதற்குள் எழுந்துவிடுகிறேன். அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது, அண்ணா வெளியூர் போய்விட்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பார்க்கோர் கற்க வேண்டும் என்றால் தாராளமாக அனுப்புங்கள். முதல் நாளே சுவரேற்றிக் குதிக்கச் சொல்பவரிடம் மட்டும் வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்களைச் சேர்த்துக்கொண்டு, குதியில்லாமல் கால் பயிற்சி மட்டும் செய்யும் கூட்டம் ஏதாவது பெசன்ட் நகர் பக்கம் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், விடிகாலையிலேயே வந்துவிடுகிறேன்.