அனந்தசரஸ் முதல் ஆதுலர்சாலை வரை

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் பெருமாளையும், தானுகந்த திருமேனியாக எழுந்தருளியிருக்கும் உடையவரையும் சேவித்துவிட்டு உடனே ஊர் திரும்பிவிடுகின்றனர். அனந்தசரஸ் திருக்குளத்தின் வரலாற்றை அறிந்தவர் சிலரே. சிவபெருமானின் சாபத்துக்கு ஆளான பூதகணங்கள் இங்கே திருமாலை நோக்கித் தவமியற்றின. எம்பெருமானின் ஆணைப்படி அனந்தனாகிய ஆதிசேஷன் இத்தீர்த்தத்தை உண்டாக்க, அதில் நீராடிப் பூதங்கள் சாபம் நீங்கப் பெற்றன என்பது தலபுராணம். பூதபுரி என்னும் பெயரும் அதனால் வந்ததே. 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் இவ்வூரில் அவதரித்த இராமாநுசரும் ஆதிசேஷனின் அம்சமாகவே போற்றப்படுகிறார். துயர் தீர்த்த குளமும் அரவரசன் தந்தது. பிறவிப் பிணிக்கு மருந்து சொன்ன ஆசாரியரும் அரவரசனே.

கோயிலை விட்டு ஒரகடம் சாலையில் திரும்பினால் காட்சி மாறிவிடுகிறது. இருமருங்கிலும் தொழிற்சாலைகள், ஷிப்டு மாறும் நேரத்தில் வரிசை வரிசையாகப் பணியாளர் பேருந்துகள். அவற்றிடையே விரையும் ஆம்புலன்ஸ் வண்டிகள் பலவற்றில் ஆறு முனை கொண்ட நீல நட்சத்திரமும், அதன் நடுவே கோலில் சுற்றிய ஒரு பாம்பும் வரையப்பட்டிருக்கும். கண்டால் அஞ்சி ஒதுங்கும் பிராணி, உயிர் காக்கும் தொழிலுக்குச் சின்னமானது எப்படி?

அக்கோல் கிரேக்கரின் மருத்துவத் தெய்வமான அஸ்கிளீப்பியஸுக்கு உரியது. எபிடாரஸ் என்ற ஊரில் இருந்த அவரது ஆலயத்தில் நோயாளிகள் இரவு தங்கி உறங்குவர். கனவில் தெய்வம் தோன்றிக் குணமளிக்கும் என்பது நம்பிக்கை. நம் கோயில்களில் ஒரு மண்டலம் தங்கி நோய் தீர வேண்டுவோரை இது நினைவூட்டும். நஞ்சற்ற பாம்புகள் அந்த ஆலயத்தில் தாராளமாக உலவின. சட்டையை உரித்துப் புதிதாய் வெளிவரும் பாம்பு, நோய் நீங்கிப் புத்துயிர் பெறுவதற்கு அடையாளமாயிற்று என்று அறிஞர்கள் கருதுவர். 1948-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற சின்னத்திலும் இந்த ஒற்றைப் பாம்பே உள்ளது. இரட்டைப் பாம்பும் இறக்கையும் கொண்ட கோல் வேறு. அது வணிகருக்குரிய ஹெர்மிஸ் தெய்வத்தினுடையது. 1902-இல் அமெரிக்க இராணுவ மருத்துவப் பிரிவு அதனை ஏற்றதிலிருந்து இரண்டும் குழம்பிவிட்டன. உண்மையில் அந்தக் கோல் வங்கிகளுக்குப் பொருந்தும், மருத்துவமனைக்கு அன்று.

இன்னும் பழமையான உருவம் ஒன்று பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறக்குறைய 4,100 ஆண்டுகளுக்கு முன் சுமேரிய நாட்டு லகாஷ் நகரை ஆண்ட குடியா, தன் தெய்வத்துக்குப் படைத்த கற்குவளை அது. கோலைச் சுற்றி இரு பாம்புகள் பின்னிக்கிடக்கின்றன. அரசும் வேம்பும் இணைந்த மேடையில் மஞ்சள் பூசி வணங்கும் நம் நாகக்கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகவே தோன்றாது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூற இது போதாது; ஆயினும் ஒப்புமை வியக்கத்தக்கது.

நம் மரபு இன்னும் ஒரு படி மேலே சென்று, அரவத்தையே வைத்தியராக்கியது. ஆதிசேஷனின் அவதாரமான பதஞ்சலி முனிவர் யோகத்தால் மன மாசையும், இலக்கணத்தால் சொல் மாசையும், வைத்தியத்தால் உடல் மாசையும் நீக்கியவர் என்று துதிக்கப்படுகிறார். 16-ஆம் நூற்றாண்டின் பாவபிரகாசம் என்னும் ஆயுர்வேத நூல், சரகரும் சேஷனின் அவதாரமே என்கிறது.

இவை புராணச் செய்திகள் மட்டுமே என்று எண்ணுவோர், பழைய செங்கல்பட்டுச் சீமையின் கிழக்குக் கோடியில், கடலோர வடநெம்மேலிக்குச் செல்லலாம். பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர் மக்களுக்காக 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே உள்ளது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அவர்கள் பிடித்து, மண்பானைகளில் சில வாரம் வைத்து, நஞ்சை எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து முறிமருந்து தயாரிக்கப்படுகிறது. இருளர் குலத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

ஏரிக்கரையும் வயலும் மனைகளாகிவரும் இப்பகுதியில் இச்செய்தி வெறும் வியப்புக்குரியதன்று. இரவு ஷிப்டு முடிந்து இருட்டில் அறைக்குத் திரும்பும் வெளியூர் இளைஞன் கண்ணாடி விரியனை மிதித்துவிட்டால், வீட்டுக்காரப் பெரியவர் சொல்லும் முதல் சொல்லில் அவன் உயிர் இருக்கிறது. கடிவாயைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும், மந்திரிக்க அழைத்துச் செல்வதும் காலத்தை வீணாக்கும். காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, முறிமருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். நாகருக்கு நேர்ந்துகொள்வதை மருத்துவமனை வாசலிலும் செய்யலாமே!

இவ்வாறு சொல்வது பக்திக்குக் குறைவு என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சென்று, பழையசீவரத்தருகே பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில் வரும். வீரராஜேந்திர சோழன் காலத்து, அதாவது 1060-களின் பிற்பகுதிக் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து இயங்கிய ‘வீரசோழன்’ ஆதுலர்சாலையைக் குறிப்பிடுகிறது. படுக்கைகள் 15. கோதண்டராம அசுவத்தாம பட்டன் என்ற வைத்தியரும், அறுவை செய்பவர் ஒருவரும், மூலிகை கொணர்வோரும், நோயாளிகளைப் பேணும் பெண்களும் பணியாற்றினர். தசமூல ஹரீதகி முதலாக ஆண்டுதோறும் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதே கல்லில் உள்ளன. பூதபுரியில் பிறந்த இராமாநுசர் அப்போது வாழ்ந்துகொண்டிருந்தார்.

பொங்கலை ஒட்டிய பார்வேட்டை உற்சவத்துக்குக் காஞ்சி வரதர் இப்பக்கம் எழுந்தருள்வார். அப்போது செல்லும் அன்பர்கள் சேவை முடிந்தபின், எழுத்து நிறைந்த அக்கோயில் சுவரையும் சற்று நின்று பார்த்து வரலாம்.