தம்பியின் பெருவிரல்

2024 ஜூன் 8, சனி

அம்மா போய் ஐந்து வாரம். இன்றுதான் அவளுடைய தகரப் பெட்டியைத் திறக்க மனம் வந்தது. இரண்டு சேலை, ஒரு முருகன் படம், பிளாஸ்டிக் உறைக்குள் கடதாசிகள், அடியில் நான்காக மடித்த படங்கு. படங்கை நான் வெளியே எடுத்ததும் தம்பி வந்து வாங்கிக்கொண்டான். மழைக்கும் தேயிலை வாதுக்கும் அம்மா இடுப்பில் முப்பத்தைந்து வருடம் கட்டிய சாக்குத் துணி. கருமாதியன்று பழைய துணிகளை எரித்தபோதும் அதைத் தொட அவன் யாரையும் விடவில்லை.

கடதாசிகளில் மூன்று விதமாக அம்மாவின் பெயர் இருக்கிறது. அடையாள அட்டையில் தாத்தாவின் பெயரோடு, சேமலாப நிதிக் கணக்கில் அப்பாவின் பெயரோடு, தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் பாதிப் பெயர் மட்டும். தாத்தா இந்தியாவுக்குப் போக மனுக் கொடுத்தவர். 1964-ல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பெரியம்மா குடும்பம் 1982-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டது. எங்கள் முறை வருவதற்குள் 1984-ல் கப்பலே நின்றுபோனது. பிறந்த மண்ணிலேயே அம்மா நாடற்றவளாக இருந்து, 2003-ல் வந்த சட்டத்தால்தான் பிரஜை ஆனாள். அப்போது அவளுக்கு வயது 37.

கணக்குக் கடதாசியின் கடைசி வரியில் பின்னுரித்தாளியாகத் தம்பியின் பெயர். அவன் பெயர் மட்டும். பெண்கள் 50 வயதில் எடுக்கக்கூடிய பணம் அது. எட்டு வருடமாக அம்மா அதைத் தொடவே இல்லை. கேட்டால், "அவனுக்குன்னு வேற என்ன இருக்கு" என்பாள். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 12, புதன்

பாடசாலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அந்தச் சேமலாப நிதிப் பணத்துக்காகத் தம்பியோடு கந்தோருக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். சம்பளத்தில் அம்மாவின் 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமும் சேர்ந்து ஒன்பது லட்சத்துச் சொச்சம் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தம்பியின் பக்கம் தள்ளி, "கையெழுத்து வைங்க தம்பி" என்றார். பேனாவைப் பிடித்து இவன் ஒரு வட்டம் போட்டான். அதற்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம். அவர் என்னைப் பார்த்தார்.

"இவருக்கு எத்தன வயசு, டீச்சர்?"

"முப்பத்து நாலு."

"பிள்ளையா இருந்தா வேற வழி. இவர் வயசுக்கு வந்தவர். இவருக்காக நீங்க வாங்கணும்னா கோட் ஓடர் வேணும்."

அக்காவாகப் பிறந்ததும் முப்பத்து நாலு வருடமாக வளர்த்ததும் போதும் என்று நினைத்திருந்தேன். பிறந்தபோது அவனுக்கு மூச்சு வரத் தாமதமானதாம். லொறி வந்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் விடிந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டியது, புள்ளைக்காம்பராவில் விட்டது, வலிப்பு வந்த இரவுகளில் மூச்சு அடைக்காமல் சரித்துப் படுக்க வைத்தது எல்லாம் நானும் அம்மாவும்தான். இவ்வளவு செய்தும் சட்டத்தின் கண்ணில் நான் அவனுக்கு அந்நியம். பதினெட்டு வயது முடிந்த நாளிலிருந்தே அப்படித்தான். பதினாறு வருடமாக அது தெரியாமலே இருந்திருக்கிறோம்.

ஜூன் 16, ஞாயிறு

கொழும்பிலிருந்து அண்ணியோடு அண்ணன் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்குப் போய் கோட்டா? எனக்குத் தெரிஞ்ச நொத்தாரிசு இருக்கார். அற்றோணித் தத்துவம் எழுதி அவன் பெருவிரல வச்சா முடிஞ்சது, பாப்பா" என்றார்.

அவனுக்காகப் பணம் வாங்கும் அந்த அதிகாரத்தை யார் பெயரில் எழுதுவது என்று கேட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உம் பேர்லதான் எழுதேன்" என்றார். அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் இருவருக்கும் புரிந்தது. அண்ணிக்கும் புரிந்திருக்க வேண்டும், எழுந்து பீலிக்குப் போய்விட்டாள்.

அண்ணன் கெட்டவர் இல்லை. வாடகை வீடு, மூன்று பிள்ளைகள். 2022-ல் கடை மூடியபோது பட்ட கடன் இன்னும் தீரவில்லை. நானும் கெட்டவள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கும் கூரைத் தகரம் மாற்ற வேண்டியிருக்கிறது. தம்பியின் பெருவிரலை மையில் தொட்டு வைக்க எங்களில் யாராலும் முடியும். ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தால் பத்து விரலையும் நீட்டுவான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

ஹட்டனில் ஒரு லோயர் அம்மாவைப் பார்த்தேன். அற்றோணித் தத்துவம் செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கொடுப்பவருக்கு, தான் எதைக் கொடுக்கிறோம் என்று விளங்க வேண்டும். விளங்காதவரின் பெருவிரல் வெறும் மைக்கறைதான்.

வழி, மாவட்ட நீதிமன்றம். 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இதற்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறதாம். உறவினர் விண்ணப்பிக்கலாம். வைத்திய அறிக்கை வேண்டும், விசாரணை நடக்கும். ஆள் சித்த சுவாதீனம் இல்லாதவர், தன் காரியங்களைத் தானே நடத்த இயலாதவர் என்று நீதிமன்றம் கண்டால், சொத்துக்கு முகாமையாளரையும் ஆளுக்குப் பாதுகாவலரையும் நியமிக்கும். முகாமையாளர் சொத்துப் பட்டியலும் கணக்கும் கொடுக்க வேண்டும், கோட்டைக் கேட்காமல் காணி பூமியை விற்க முடியாது. நம் ரோமன்-டச்சுச் சட்டத்தில் நீதிமன்றம்தான் எல்லோருக்கும் மேலான பாதுகாவலர், நியமிக்கப்படுகிறவர் அதற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்றார். கணக்குக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்றதும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அண்ணன் நாளை என்னையோ நான் அண்ணனையோ சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆனால் 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்ற சொல் தொண்டையில் நிற்கிறது. பிறவியிலேயே மெதுவாக வளர்ந்தவனுக்கும் நடுவயதில் மனநோய் கண்டவருக்கும் மறதி நோய் வந்த பாட்டிக்கும் ஒரே சொல்.

ஜூன் 23, ஞாயிறு

கோத்தகிரியிலிருந்து பெரியம்மா மகன் வாட்ஸ்அப்பில் பேசினான். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968-ல் தொடங்கிய டான்டீ தோட்டத்தில்தான் பெரியம்மா வேலை செய்து ஓய்வு பெற்றாள். அவர்கள் லயனிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதாம். அங்கே கோர்ட் படி ஏறவில்லை. 1999-ல் இந்தியாவில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு மாவட்டத்திலேயே ஒரு குழு பாதுகாவலரை நியமிக்கும். கலெக்டர், பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆள், மாற்றுத்திறனாளி ஒருவர் என்று குழுவில் மூவர். எந்தெந்தக் காரியத்துக்குப் பாதுகாவலர் தேவை என்பதையும் குழுவே பார்த்துச் சொல்ல வேண்டும். பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும்.

தீர்ப்புச் சொல்கிறவர்களில் ஒருவர் மாற்றுத்திறனாளி! அதை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 1984-ல் கப்பல் நிற்காமல் இருந்திருந்தால் தம்பி அந்த மூவர் முன்னால் உட்கார்ந்திருப்பான்.

ஜூலை 3, புதன்

வைத்திய அறிக்கைக்காக டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போனோம். டொக்டர் தம்பியிடம் முக்கால் மணி நேரம் செலவழித்தார். நேரே அவனைப் பார்த்துப் பேசினார், என்னைப் பார்த்துப் பேசவில்லை. வெளியே வந்து அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. சத்தியக்கடதாசிக்காகத் தம்பியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் லோயர் அம்மா. எழுத எழுத எல்லாமே 'தெரியாது', 'முடியாது' என்று வந்தது. வாசிக்கத் தெரியாது. கையொப்பமிட முடியாது. தனியாக டவுனுக்குப் போய்வர முடியாது. பொய் ஒன்றுமில்லை. ஆனால் எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால் அதில் என் தம்பி இல்லை.

அப்பியாசக் கொப்பியில் இன்னொரு பக்கம் எடுத்தேன். எழுத்து தெரியாது, ஆனால் நோட்டு நிறத்தில் தெரியும். செம்மஞ்சள் நூறு, ஊதா ஐந்நூறு, பச்சை ஆயிரம். ஊதாவைக் கொண்டுபோனால் மிச்சம் வர வேண்டும் என்பது தெரியும். மிச்சம் கைக்கு வரும்வரை கடை வாசலை விட்டு அசையமாட்டான். ஒருநாள் கடைக்கார அண்ணன் மறந்து உள்ளே போய்விட, இவன் ஒன்றேகால் மணி நேரம் மழையில் நின்றிருக்கிறான். இருபது வரைக்கும் எண்ணுவான். அதற்கு மேல் என்றால் மறுபடி ஒன்றிலிருந்து இன்னொரு இருபது. கொழுந்து மடுவத்தில் சாக்குகளை உதறி மடித்து இருபது இருபதாக அடுக்கி வைப்பான். அந்த அடுக்கில் இதுவரை கணக்குத் தப்பியதில்லை என்று கணக்கப்பிள்ளையே சொல்வார். எந்த பஸ் வருகிறது என்று வளைவுக்கு அப்பால் சத்தத்திலேயே சொல்லுவான். யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்பதில் அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை. குடித்துவிட்டு வந்து அவனைக் கிண்டல் செய்யும் ஒருவர் எதிர்க் காம்பராவுக்கு வந்தால் கதவைச் சாத்திவிடுவான்.

இந்தப் பக்கத்தையும் லோயர் அம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். கோட் அதைக் கேட்கவில்லை என்றால் கேட்காமல் போகட்டும்.

ஜூலை 18, வியாழன்

கொடுத்தேன். லோயர் அம்மா முழுவதும் வாசித்தார். 2016 பெப்ரவரி 8-ல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை சமவாயத்தின் 12 ஆவது உறுப்புரை கேட்பது இதைத்தான் என்றார். ஒருவருக்காக வேறொருவர் முடிவெடுப்பதல்ல, அவரே முடிவெடுக்கத் துணை நிற்பது. பெரு நாடு 2018-ல் தன் சட்டத்தை அப்படியே திருப்பி எழுதிவிட்டதாம், அங்கே மாற்றுத்திறனாளி என்ற காரணத்துக்காக வயது வந்தவருக்குப் பாதுகாவலர் போடுவதில்லை. "நாம ஏத்துக்கிட்டு எட்டு வருஷமாச்சு. பழைய சட்டக்கோவை அப்படியே கிடக்கு டீச்சர். இத நான் இணைச்சிடுறேன். இந்தப் பணத்துக்கு மட்டும் உங்கள முகாமையாளரா போடச் சொல்லிக் கேட்போம்."

பணத்துக்கு மட்டும். எனக்குத் தேவையானதும் அவ்வளவுதான். காலையில் எந்தச் சட்டை போடுவது, யார் வீட்டுக் கதவைச் சாத்துவது, அம்மாவின் படங்கை எங்கே வைப்பது என்பதெல்லாம் அவனிடமே இருக்கட்டும்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

அண்ணன் சத்தியக்கடதாசியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆட்சேபனை இல்லை. வருடக் கணக்கின் பிரதி ஒன்று தனக்கும் வேண்டும் என்றார். முதலில் சுருக்கென்றது. பிறகு, கேட்டது நல்லதுதான் என்று பட்டது. எனக்கு ஏதாவது ஆனால் அந்தக் கணக்கைத் தொடர வேண்டியவர் அவர்தானே.

அம்மாவின் சேவைக்காலப் பணமும் வந்தது. வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று 1983 சட்டத்தின்படி கணக்கு. அதில் அண்ணனுக்கும் எனக்கும் தம்பிக்கும் பங்கு. தம்பியின் பங்கும் கோட் ஓடருக்காகக் காத்திருக்கிறது.

ஓகஸ்ட் 29, வியாழன்

தம்பி நாலரை மணிக்கே எழுந்து நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டான். படங்கையும் எடுத்துக்கொண்டு வருவேன் என்றான். மழைக்கு வேண்டும் என்று பிடிவாதம். சரி என்று பையில் வைத்தேன்.

நீதிமன்றத்தில் எல்லாம் சிங்களத்தில். எனக்கு விளங்கும், தம்பிக்கு விளங்காது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அவன் பக்கத்தில் வந்து நின்றார். வயதானவர். பெயர் கேட்டார்கள், சொன்னான். யாரோடு இருக்கிறீர்கள் என்றார்கள். என்னைக் காட்டினான். பணம் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று நீதிபதி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

தம்பி வெகுநேரம் யோசித்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. அதற்காக அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"அம்மா காசு" என்றான். பிறகு, "மிச்சம் தரணும்."

மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் அர்த்தத்தைச் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் அந்த நான்கு சொற்களை மட்டும் அப்படியே சிங்களத்தில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

அம்மாவின் பெயர் மூன்று விதமாக இருப்பதால் மூன்றும் ஒருவரே என்று கிராம சேவகரின் உறுதிக் கடிதம் வேண்டுமாம். அடுத்த தவணை ஒக்டோபர் 8.

பஸ்ஸில் வரும்போது, "நாளைக்கும் கோட்டுக்கா?" என்று கேட்டான். இல்லை, இன்னும் நாள் இருக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்து நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தான். எந்தத் தாள் என்று எடுத்துக் காட்டினேன். அதன் மூலையை மடித்துவிட்டு, எச்சில் தொட்டுத் தொட்டு முன்னாலிருந்து எண்ண ஆரம்பித்தான். இருபது வந்தது. நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு தேயிலைக் குச்சியைச் செருகினான். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான். இன்னொரு இருபது முடிந்த இடத்தில் மடித்த தாள் இருந்தது.

நானும் எண்ணிப் பார்த்தேன். சரியாக நாற்பது.