‘எந்த வேலை?’ என்று கேளுங்கள்

தம்பி, தங்கச்சி, காது கேளாதவர்களுக்குக் காவல் வேலை ஒத்துவராது என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டி விடாதீர்கள். ‘காவல் வேலையில் எந்த வேலை?’ என்று திருப்பிக் கேளுங்கள். மில் கேட்டிலும் ஜவுளிக் கடையிலும் காவல் பொறுப்பில் இருந்தே தலை நரைத்தவன் நான். இத்தனை வருஷத்தில் நான் கற்ற பெரிய பாடம் அந்தக் கேள்விதான்.

செக்யூரிட்டி என்று ஒரே பெயரில் சொல்லி முடித்துவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் அது பல வேலை. வண்டி எண்ணைக் குறிக்க வேண்டும். கேட் பாஸில் எழுதியிருக்கும் சரக்கும் லாரியில் ஏறியிருக்கும் சரக்கும் சரிதானா என்று எண்ண வேண்டும். பூட்டையும் சீலையும் சோதிக்க வேண்டும், சாவிக் கணக்கு எழுத வேண்டும், எக்ஸ்ரே திரையையும் சிசிடிவி திரையையும் கவனிக்க வேண்டும். இதற்கெல்லாம் கண் வேண்டும், பொறுமை வேண்டும். ஆனால் இருட்டில் தனியாக ரோந்து போகும்போது முதுகுக்குப் பின்னால் கண்ணாடி உடைந்தால் காதுதான் சொல்லும். கூட்டத்தில் எழும் அலறலுக்கும் வாக்கி டாக்கியில் வரும் உத்தரவுக்கும் காது வேண்டும். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஒரு பகுதி முடியாது என்பதற்காக முழு வேலையும் முடியாது என்று கதவைச் சாத்துவதுதான் அநியாயம்.

நான் பொறுப்பில் இருந்த ஒரு ஜவுளிக் கடையில், காது கேளாத ஒரு பையன் கேமரா அறையில் இருந்தான். தீபாவளிக் கூட்டம். மைக் அலறுகிறது, குழந்தைகள் அழுகின்றன, பில் போடும் இடத்தில் வாக்குவாதம். அறையில் இருந்த மற்றவர்கள் சத்தம் வந்த பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவன் கண் திரையை விட்டு நகரவில்லை. பட்டுச் சேலைப் பிரிவில் ஒரு அம்மாள், ‘அதை எடு, இதை எடு’ என்று விற்பனைப் பெண்ணைக் குனிய வைத்துக்கொண்டே இருந்தார். இன்னொருத்தி சேலையை விரித்துத் தோளில் வைத்துப் பார்ப்பதுபோல் மறைத்து நின்றாள். மூன்றாவது பெண்ணின் கை மட்டும் கவுண்டருக்குக் கீழே போய் வந்தது. அவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டான். மேஜையில் இருந்த ஸ்விட்சை அழுத்தினான்; என் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ‘இரண்டாவது மாடி, பட்டு, மூன்று பேர், பச்சைப் பை’ என்று போனில் செய்தியும் வந்தது. சேலை வாசலைத் தாண்டவில்லை. வாக்கி டாக்கிக்குப் பதிலாக ஒரு விளக்கும் ஒரு போனும். அவனுக்காக நாங்கள் செய்த மாற்றம் அவ்வளவுதான்.

இது ஏதோ ஒரு பையனின் தனித் திறமை என்று நினைக்காதீர்கள். பிறவியிலேயே காது கேளாமல் சைகை மொழியில் வளர்ந்தவர்கள், ஓரக்கண்ணில் படும் அசைவைக் கூடுதலாகக் கவனிக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ஹெலன் நெவில் 1980களிலேயே காட்டினார். மெக்சிகோ நாட்டின் வஹாகா நகரில் காவல் துறை இதை நடைமுறையிலேயே செய்து காட்டியது. 2012இல் காது கேளாத சுமார் 20 பேரை எடுத்து, நகரத் தெருக்களின் கேமராக்களைக் கண்காணிக்கும் அறையில் அமர்த்தியது. அந்தக் கேமராக்களில் படம் வரும், ஒலி வராது. தெருவில் நிற்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை உதட்டசைவிலிருந்து படிக்கத் தெரிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ‘மௌன தேவதைகள்’ என்ற பெயர் அவர்களுக்கு அமைந்தது.

அவர்களுக்கு முன்பே இந்த வழியில் நடந்தவர் சூ தாமஸ். ஒன்றரை வயதில் கேட்கும் திறனை இழந்தவர். 1979இல் அமெரிக்காவின் எஃப்பிஐயில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது கைரேகைகளைப் பார்த்து வகைப்படுத்தும் வேலை. ஒரு வழக்கில் ரகசியமாக எடுத்த படத்தில் ஒலி பதிவாகாமல் போக, உதட்டைப் படிக்கத் தெரிந்த அவரைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு கண்காணிப்புக் குழுவிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர் வாழ்க்கையைத் தழுவி 2002இல் ஒரு தொலைக்காட்சித் தொடரே வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாய்ப்புக்காகக் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கிடைத்த சிறிய வேலையில் நுழைந்தார். கையிலிருந்த திறமை தேவைப்பட்ட நாளில் அங்கே இருந்தார்.

உதட்டைப் படிப்பதை மந்திரம் என்றும் எண்ணிவிடாதீர்கள். ‘பணம்’ என்று சொன்னாலும் ‘மணம்’ என்று சொன்னாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். அதை வைத்து ஒருவர்மேல் குற்றம் சாட்டுவதற்கு முன் வேறு ஆதாரம் தேட வேண்டும். தன் திறமைக்கு எங்கே எல்லை என்று தெரிந்தவரைத்தான் காவல் வேலையில் நம்ப முடியும். காது கேட்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது, விதிகளை நீங்களே படியுங்கள். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் வந்தது. அதன்கீழ் மத்திய அரசு 2006இல் வகுத்த மாதிரி விதிகளில், காவலருக்குக் கேட்கும் குறைபாடு இருக்கக் கூடாது, பேச்சையும் கருவிகளின் எச்சரிக்கை ஒலியையும் கேட்டுச் செயல்பட வேண்டும் என்று இருந்தது. அதே விதியில் பார்வையைப் பற்றிச் சொல்லும்போது, கண்ணாடி போட்டோ போடாமலோ பார்வை சரியாக இருந்தால் போதும் என்றார்கள். கண்ணுக்குக் கொடுத்த சலுகையைக் காதுக்கும் கொடுத்து, ‘ஹியரிங் எய்ட் வைத்தோ வைக்காமலோ’ என்று ஏன் எழுதவில்லை? கேட்க வேண்டிய கேள்வி இது. மரியாதையாக, எழுத்தில், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

நியூயார்க் காவல் துறையில் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. ஹியரிங் எய்ட் வைத்திருந்ததால் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட அதிகாரிகள் வழக்குப் போட்டார்கள். 2015இல் சமரசம் ஏற்பட்டு, ஹியரிங் எய்டுக்கு இருந்த தடை நீங்கியது. மறுபக்கத்தையும் சொல்கிறேன். 2009இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, நீதிமன்றக் காவலர்கள் ஹியரிங் எய்ட் இல்லாமலே கேட்கும் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி செல்லும் என்றது. கைகலப்பில் கருவி கழன்று விழுந்தால் என்ன செய்வது என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. கைகலப்பே நேராத கேமரா அறைக்கும் அதே அளவுகோலை வைக்கும்போதுதான் நியாயம் தவறுகிறது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 சதவீத இட ஒதுக்கீடு தருகிறது. அதில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும். இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை இருந்தால் செவித்திறன் குறைந்தவர் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2021இல் மத்திய அரசு ஐபிஎஸ் பணிக்கும், துணை ராணுவப் படைகளில் களத்தில் நிற்கும் பணிகளுக்கும் அந்த ஒதுக்கீட்டிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே துப்பாக்கி ஏந்தும் சீருடை இன்று உங்களுக்கு எட்டாமல் இருக்கலாம். ஆனால் காவல் துறை அலுவலகங்களில் கோப்பு பார்க்கும் அமைச்சுப் பணி இருக்கிறது, அதற்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு இருக்கிறது. உங்கள் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அறிவிப்பில் எந்தப் பணிக்கு உங்கள் பிரிவு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். யாரோ சொன்னார் என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

காவல் துறைக்கு உங்களால் ஆகக்கூடிய இன்னொரு பெரிய உதவியும் உண்டு. 2017இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் காது கேளாத ஒருவர் போலீசின் உத்தரவு கேட்காமல் சுடப்பட்டு இறந்தார். ‘அவருக்குக் காது கேட்காது’ என்று அக்கம்பக்கத்தார் கத்தியும் பலனில்லை. காது கேளாதவர்களோடு பழகிய அனுபவம் போலீசாருக்கு எவ்வளவு தேவை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள். இங்கே 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், மாற்றுத்திறன் உள்ள குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது அந்தக் குழந்தை பேசும் முறை தெரிந்தவரின் உதவியைப் போலீசார் பெறலாம் என்கிறது. பயந்துபோன ஒரு காது கேளாத குழந்தையின் கையசைவை உங்களைவிட நன்றாக யார் புரிந்துகொள்வார்கள்?

இதற்கெல்லாம் தயாராக வேண்டும். தமிழில் பிழையில்லாமல் நான்கு வரி எழுதப் பழகுங்கள். ஒலி இல்லாத இடத்தில் எழுத்துதான் உங்கள் குரல். கணினி கற்றுக்கொள்ளுங்கள். இந்திய சைகை மொழியை முறையாகப் படியுங்கள். குறைபாட்டை மறைத்து வேலையில் சேராதீர்கள். காவல் வேலையில் மறைத்த குறை இன்னொருவர் உயிரோடு விளையாடும். விண்ணப்பத்தில் காது கேட்காது என்று உண்மையை எழுதுங்கள், அதற்கு அடுத்த வரியிலேயே என்னென்ன செய்ய முடியும், அதற்கு என்ன வசதி வேண்டும் என்றும் எழுதுங்கள்.

காது கேட்கும் பிள்ளைகளே, நாளைக்கு உங்களில் சிலர் ஆள் எடுக்கும் இடத்தில் உட்காருவீர்கள். அப்போது அலாரத்தோடு ஒரு விளக்கையும் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள். அது புகையிலும் இரைச்சலிலும் எல்லோருக்கும் உதவும். காது கேளாத ஒருவர் வேலை கேட்டு வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு வாரம் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, அவர் என்னென்ன பார்த்தார் என்று எழுதி வாங்குங்கள். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.