அடிக்கு ஓர் அங்குலம்

ஃபிளெக்ஸ் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது மிஷின்தான். பத்தடி அகலம், மூக்கைத் துளைக்கும் சால்வென்ட் மை நெடி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும் ஹெட். விலையும் அதை வைத்தே பேசப்படுகிறது: சதுர அடிக்கு இவ்வளவு. ஓரத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் டிசைனரின் உழைப்பு அந்தச் சதுர அடிக்குள்ளேயே கரைந்துபோகிறது. பல கடைகளில் டிசைனுக்கென்று தனிக் காசு கிடையாது. இந்தக் கணக்கு தலைகீழானது என்பது வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விளங்கும். பேனரின் தரம் ஃபைல் தயாராகும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. மிஷின் கொடுத்ததை அடிக்கும். மோசமான ஃபைலைக் கொடுத்தால் அதையும் அதே வேகத்தில் அடித்துத் தள்ளும்.

அந்த மேசையில் நடக்கும் முதல் தீர்மானம் அளவு பற்றியது. புத்தக அச்சுப் பழக்கத்தில் வந்தவர்கள் ‘300 டிபிஐ இல்லாமல் அச்சா?’ என்று கேட்பார்கள். 20க்கு 10 அடி பேனரை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், அமைத்தால் அகலம் 72,000 பிக்ஸல். நான்கு நிறக் கணக்கில் ஃபைல் 10 ஜிபியைத் தாண்டும். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் 30,000 பிக்ஸலுக்கு மேல் ஏற்காது. அதனால் டிசைனர்கள் அடிக்கு ஓர் அங்குலம் என்று சுருக்கி, 20க்கு 10 அங்குலத்தில் 300 வைத்துக்கொள்கிறார்கள். முழு அளவுக்கு விரியும்போது அது வெறும் 25. இது ஏமாற்று வேலை இல்லையா? இல்லை. இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும் கண்ணின் திறன் தூரத்தோடு குறைகிறது. ஓரடித் தூரத்தில் பிடித்துப் படிக்கும் பக்கத்துக்கு அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளிகள் வேண்டும். 300 என்ற விதிக்குப் பொருள் அங்கேதான். பத்தடித் தூரத்தில் 29 போதும், நாற்பதடியில் 7. ஆனால் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஸ்டாண்டிக்கு இதே 25ஐக் கொடுத்தால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். எங்கே மாட்டப் போகிறார்கள், யார் எவ்வளவு தள்ளி நின்று பார்ப்பார்கள் என்று முதலில் கேட்கிறவரே நல்ல டிசைனர்.

அளவுக்குப் பிறகு எழுத்தும் மையும். யூனிகோடில் வந்த தமிழைப் பழைய ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால் ‘கொ’வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்து சரியாக விழுந்த பிறகும் மிஷின் இருக்கும் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இருக்க வேண்டுமே. ஆகவே கோரல்டிராவில் எழுத்தைக் கர்வ் ஆக்கி, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, அனுப்புகிறார்கள். கர்வ் ஆனபின் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் தட்டச்சு செய்து திருத்த முடியாது. எனவே பிழை பார்ப்பவரும் டிசைனரே. கறுப்பு மை மட்டும் போட்டால் ஃபிளெக்ஸில் சாம்பலாக வெளிறும். நான்கு மையையும் முழுசாக ஏற்றினால் காயாமல், சுருட்டும்போது ஒன்றோடொன்று ஒட்டும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு என்பது அந்த மிஷினோடு பழகிய கைக்கே தெரியும். மரச்சட்டத்தில் மடித்து ஆணி அடிக்க ஓரம் விடுவதும், பத்தடிக்கு மேல் போனால் ஒட்டு முகத்தின் மேல் விழாமல் தள்ளி வைப்பதும் ஃபைலில் செய்துவைக்க வேண்டியவையே.

‘இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, சின்னப் படத்தை அதுவே பெரிதாக்கித் தருமே’ என்பது வலுவான எதிர்வாதம். வானம், பூ, சுவர் போன்றவற்றுக்கு அது உதவுகிறது, மறுக்க மாட்டேன். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு என்ன செய்வது? கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டி வாட்ஸ்அப்பில் வரும் முகம் 400 பிக்ஸல் இருந்தால், மூன்றடி அகலத்தில் அங்குலத்துக்கு 11 புள்ளிதான். இல்லாத விவரத்தை ஏஐ ஊகித்து நிரப்புகிறது. கண் கூர்மையாகும், தோல் வழவழப்பாகும். ஆனால் அது இறந்தவரின் முகமாக இருக்காது, வீட்டார் பார்த்த உடனே கண்டுகொள்வார்கள். தேர்ந்த டிசைனர் அந்த முகத்தை ஓரடிக்கு அடக்கி, சுற்றிலும் மாலையும் பெயரும் விரியும்படி அமைக்கிறார். அதற்கு முன், “வீட்ல பழைய பிரின்ட் ஏதாவது இருக்காண்ணே? கொண்டாங்க, ஸ்கேன் பண்ணிக்கலாம்” என்று கேட்கிறார். அந்தத் தேடலுக்கும் ஸ்கேனுக்கும் ஆகும் நேரம் சதுர அடிக் கணக்கில் எங்கும் வருவதில்லை; பில்லில் தனி வரியாக அது ஏற வேண்டும் என்பதே என் வாதம்.