அடியில் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை

பட்டினப்பாக்கம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவில் வருவது விநாயகர் சிலைகளைக் கடலில் கரைக்கும் கூட்டம்தான். அதே கடற்கரையை ஒட்டிய குடியிருப்பின் தரைத்தளத்தில், நவராத்திரிக்கு முன் கொலு பொம்மைகளுக்கு உயிர் கொடுக்கும் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மயிலாப்பூர், மந்தைவெளிப் பரண்களிலிருந்து இறங்கியவை வரிசையாக நின்றன: விரல் போன சரஸ்வதி, மூக்கு சிதைந்த கிருஷ்ணர், கடையை இழந்த செட்டியார்.

"தாத்தா காலத்துப் பொம்மை என்று விலை சொல்கிறார்களே, எப்படி நம்புவது?" என்று கேட்டேன். குடும்பத் தலைவர் செட்டியாரைக் கவிழ்த்துப் பிடித்தார்.

"மேல இருக்கிறது நான் பூசுனது சார். அதுக்குக் கீழ எங்கப்பா பூசுனது. கலரை வச்சு வயசு சொல்ல முடியாது. அடியில எவனும் பெயின்ட் அடிக்க மாட்டான்."

அடிப்பக்கம் நிறையச் சொன்னது. சுட்ட மண் பொம்மையின் குடைவுக்குள், அச்சில் மண்ணை அழுத்திய விரல் தடம் தெரிந்தது. படியில் ஏற்றி இறக்கிய விளிம்பு மழுங்கியிருந்தது. பிளாஸ்டர் என்றால் நகத்தால் கீறியதும் வெள்ளை மாவு உதிரும். காகிதப் பொம்மைக்குள் ஒட்டிய தாளில் அச்செழுத்து தெரிந்தால், பொம்மை அந்தத் தாளைவிடப் பழசாக இருக்க முடியாது. எவ்வளவு புதுசு என்பதை மட்டும் அது சொல்லாது.

பழைய பொம்மையிலிருந்தே அச்செடுத்து மண்ணில் நகல் செய்பவர்களும் உண்டு. மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்குவதால், நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறுத்துவிடும். நகைக் கோடுகளும் கண்ணிமையும் மழுங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் இது பிடிபடும்.

மரப்பாச்சிக்குச் சோதனை வேறு. செம்மரம் கையில் கனக்கும். தண்ணீர் விட்டுக் கல்லில் உரசினால் சிவப்பு விழுது வரும். சாயம் ஏற்றிய மரத்தைச் சுரண்டினால் உள்ளே வெளுப்பு. குழந்தைகள் விளையாடித் தேய்ந்தது என்றால் மூக்கும் இடுப்பும் தேய்ந்திருக்கும், மடிப்புகள் கூர்மையாகவே நிற்கும். உப்புத்தாளால் தேய்த்தது என்றால் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும்.

சில வீடுகளில் ஜப்பான் பீங்கான் பொம்மைகளும் உண்டு. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற ஆங்கில முத்திரை உண்மையானதாக இருந்தால், அது இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952-க்குள் ஏற்றுமதியானது. போலி முத்திரைகளில் பல, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் கலைந்துவிடும்.

ஒரு பொம்மையைத் தொல்பொருளாகக் கருத, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு வயதைக் கேட்கிறது. பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த பொம்மைகளில் பல அந்த வரம்பைத் தொடாது. வீட்டுக்கு அது ஒரு குறையில்லை. விற்பவருக்குத்தான் வயது கூட வேண்டியிருக்கிறது.

அதற்கும் இவரிடமே வருகிறார்கள். ரிப்பேர் செய்யத் தெரிந்த கைக்குப் பழசாக்கவும் தெரியும் அல்லவா? "டீ டிகாக்‌ஷன் தடவி, சாம்பிராணிப் புகை காட்டுனா அரை நாள்ல அம்பது வயசு ஏறிடும்" என்று சிரித்தார்.

"செய்து கொடுப்பீர்களா?"

"குடுப்பேன். ஆனா அடியில இந்த வருஷத்தை எழுதித்தான் குடுப்பேன்னு சொல்லுவேன். அப்புறம் அந்த ஆளு வர மாட்டாரு."

பழுது பார்க்கும் ஒவ்வொருவரும், கொடுத்து வாங்கும் ஒவ்வொரு வீடும் அடியில் வருடத்தை எழுதிவைத்தாலே போதும். அடுத்த தலைமுறைக்கு இத்தனை சோதனைகள் தேவைப்படாது.