உறுதி கைக்கு வரும்வரை

 

"வீடு வாங்கிப்போட்டியளாம், எல்லாம் முடிஞ்சுதோ?" என்று பள்ளிக்கூட வாசலிலும் கடையிலும் பஸ்ஸிலும் கேட்டவர்கள் பலர். அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது. ஆனால் விலை பேசியதில் இருந்து உறுதி கையில் கிடைக்க ஒன்பது மாதம் போனது. தீவுப்பகுதியில் காணி வாங்க நினைக்கும் இளம் குடும்பங்கள் இப்போது கொஞ்சமில்லை. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

எங்கள் இரண்டு பேரின் குடும்பமும் 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியேற்றப்பட்டவை. இரண்டு மணித்தியால அவகாசம். நாங்கள் அப்போது கைக்குழந்தைகள். உறுதி அலுமாரிக்குள் இருந்தது, எடுக்க விடவில்லை. புத்தளத்தில் வளர்ந்தோம். யுத்தம் முடிந்தபின் அந்த வளவு எங்களுடையதுதான் என்று காட்ட வாப்பா எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். கோப்பாய்க் கலாசாலையில் படித்து, தீவில் நியமனம் கிடைத்து, ஊர்காவற்றுறையில் வாடகைக்கு இருந்தோம். சொந்தமாக ஒரு வீடு என்று பேச்சு வந்தபோது எங்களுக்கு வீட்டைவிட உறுதிதான் பெரிதாகத் தெரிந்தது.

கிடைத்தது மூன்று பரப்பு வளவும் ஒரு பழைய கல்வீடும். விலை 28 இலட்சம். வட்டிக்கு எடுப்பதில்லை என்று முதலே முடிவு. சேமிப்பு, கொஞ்ச நகை, கட்டாரில் இருக்கும் நானா தந்த கைமாற்று. வீடு ஒரு தாயின் சீதனம். அவர் காலமானபின் மூன்று பிள்ளைகளுக்கு முதுசமாக இறங்கியது. மூத்த அக்கா ஊரில். தங்கை ரொறன்ரோவில். தம்பி பாரிஸில்.

2021 டிசம்பர் 10இல் நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதி, ஐந்து இலட்சம் முற்பணம் கொடுத்தோம். தவணை ஆறு மாதம். இதை ஏன் சொல்கிறோம் என்றால், வெறும் வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கி முற்பணம் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பது மட்டுமல்ல, விற்பதாக ஒப்புக்கொள்வதும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் செல்லும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகராவின் 282ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியதும் அல்ல, நோன்பைப் பற்றியதும் அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. எழுத்து அவநம்பிக்கை இல்லை, இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

அதன்பிறகுதான் காத்திருப்பு தொடங்கியது. எங்கள் சட்டத்தரணியும் நொத்தாரிசுமாக இருந்தவரின் பெயர் இங்கே வேண்டாம். போன் எடுத்தால் கிளாக்கர் ஒரே பதில்தான் சொல்வார்: "தோம்பு பார்க்கக் குடுத்திருக்கு ரீச்சர், அடுத்த கிழமை வாங்கோ." அடுத்த கிழமை போனால் சேர் நீதிமன்றத்தில். அதற்கடுத்த கிழமை மின்சாரம் இல்லை. டிசம்பர் போய், ஜனவரி போய், பெப்ரவரியும் போனது.

மார்ச்சில் எங்களில் ஒருவர் அரைநாள் லீவு போட்டு, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்துக்கு நேரே போனார். அங்கே விசாரித்தபோதுதான் தெரிந்தது, எங்கள் காணியின் பதிவேட்டுப் பிரதிக்கு விண்ணப்பமே போகவில்லை. மூன்று மாதமாக "குடுத்திருக்கு" என்று சொன்னது எல்லாம் காற்றில் சொன்ன சொல். அன்றைக்கே நாங்களே படிவம் நிரப்பிக் கட்டணம் கட்டினோம். அதை வாங்குபவரே செய்யலாம், பல பேருக்கு அது தெரியாது.

அந்த மூன்று மாதத்தில் நாடு மாறிவிட்டது. மார்ச் முதல் கிழமை ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது. மே மாதம் 360ஐத் தொட்டது. 28 இலட்சம் என்பது நாங்கள் விலை பேசியபோது 14,000 டொலர். மே மாதம் அதே காசு எட்டாயிரத்துக்கும் குறைவு. எங்கள் பக்கம் ஒரு சதமும் குறையவில்லை, ஆனால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பங்கு கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. தவணை ஜூன் 10இல் முடிகிறது. அது தாண்டினால் "வேறு விலை பேசுவோம்" என்று அவர்கள் சொன்னால் நாங்கள் எதைக் காட்டி மறுப்பது? அந்த நாட்களில் இரவு நித்திரை வரவில்லை. ஒரு சட்டத்தரணியின் "அடுத்த கிழமை" என்ன விலை பெறும் என்று அப்போது விளங்கியது.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். தாமதம் எல்லாம் ஒரே வகை இல்லை. சில தாமதம் எங்களைக் காப்பாற்றும். எங்கள் விடயத்திலேயே அப்படி மூன்று இருந்தன.

முதலாவது, கையெழுத்துகள். தேசவழமை பொருந்தும் பெண் தன் அசையாச் சொத்தை விற்க அப்போது கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டியிருந்தது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொன்னது. சீதனமாக வந்தாலும் முதுசமாக வந்தாலும் இதுதான். மூத்த அக்காவின் கணவர் கையெழுத்து, ரொறன்ரோத் தங்கையின் கணவர் கையெழுத்து, இரண்டும் இல்லாமல் எழுதியிருந்தால் நாளைக்கு வழக்கு. இது இன்றைய காலத்துக்குச் சரியா என்பது வேறு விவாதம். சட்டம் அப்படி இருந்தவரை கையெழுத்து வேண்டியிருந்தது. பங்காளிகளில் ஒருவர் மட்டும் தன் பங்கை விற்றால் மற்றப் பங்குக்காரருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு, 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம். எங்களுக்கு மூன்று பேரும் சேர்ந்து எழுதியதால் அந்தச் சிக்கல் வரவில்லை.

இரண்டாவது, பற்றோணித் தத்துவம். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, அது இங்கே அத்தாட்சிப்படுத்தப்பட்டு, பதியப்பட்டால்தான் அதை வைத்து ஊரில் இருப்பவர் எழுதிக் கொடுக்கலாம். இது ஒரு நாளில் நடக்காது. ஆனால் முதல் நாளே தொடங்கியிருந்தால் தோம்பு பார்க்கும் நேரத்திலேயே இதுவும் முடிந்திருக்கும். எங்கள் சட்டத்தரணி ஒன்றை முடித்துத்தான் மற்றதைத் தொடங்கினார். ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் ஒன்பது மாதம், ஒரே நேரத்தில் போனால் மூன்று மாதம்.

மூன்றாவது, கிணறு. பழைய உறுதியில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்று இருந்தது. புது வரைவில் அந்த வரியே இல்லை. மாமி ஒருவர் வாசித்துவிட்டுத்தான் கேட்டார்: "பிள்ளையள், கிணறு எங்க?" கிணறு பக்கத்து வளவுக்குள் இருக்கிறது. நல்லதண்ணிக் கிணறு என்றால் தீவில் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வரியைச் சேர்க்க, நில அளவையாளர் படத்தையும் பார்த்துத் திருத்த, இரண்டு கிழமை பிடித்தது. அந்த இரண்டு கிழமைக்கு நாங்கள் சந்தோஷமாகக் காத்திருந்தோம். வரைவைத் தாருங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கிறோம் என்று கேட்பது உங்கள் உரிமை. வீட்டில் உள்ள வயதானவர்களிடமும் வாசித்துக் காட்டுங்கள். எல்லைக்கு நிற்கும் பனையும் பாதையும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இங்கே பல வீடுகள் 1990க்குப் பிறகு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தவை. பத்து வருடம் ஒருவர் தடையின்றி ஆண்டால் அவர் உரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். யுத்தத்தால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. ஆகவே "இந்த வளவை இடையில் ஆர் ஆண்டது?" என்று அயலில் விசாரிப்பதும் உறுதி பார்ப்பது போலவே முக்கியம்.

மே மாதம் நாங்கள் செய்தது இதுதான். எது முடிந்தது, எது பாக்கி, யார் செய்ய வேண்டும், எந்தத் திகதிக்குள் என்று ஒரு கடிதம் எழுதி, பிரதி ஒன்றில் கையொப்பம் வாங்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் கொடுத்தோம். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அதுவரை "அடுத்த கிழமை" சொன்னவர் அந்தக் கிழமையே போன் எடுத்தார். வாயால் கேட்டதற்கு வாயால் பதில் வந்தது. எழுதிக் கேட்டதற்கு வேலை நடந்தது.

ரொறன்ரோத் தங்கையிடமும் நாங்களே பேசினோம். டொலர் கணக்கை மறைக்காமல் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அம்மா இருந்திருந்தா சொன்ன சொல்லை மாத்தியிருக்க மாட்டா. நீங்கள் எழுதுங்கோ." 2022 ஜூன் 6, தவணை முடிய நான்கு நாள் இருக்கும்போது, உறுதி எழுதினோம். பெற்றோல் வரிசைக் காலம், சாட்சிகளுக்கு வாகனம் பிடிப்பதே பெரும் பாடு. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். எங்களுக்கு 1,11,000 ரூபா. இதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கையெழுத்து வைத்ததும் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. உறுதி பதியப்பட வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டப்படி, பதியாத உறுதியோடு நீங்கள் இருக்க, அதே காணியைப் பின்னர் வேறொருவர் காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்தால், அவர் பக்கம்தான் பலம். எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டியது நொத்தாரிசின் கடமை. ஆனால் அது வேறு, உங்கள் உறுதி பதியப்படுவது வேறு. இரண்டையும் கேளுங்கள். நாங்கள் ஜூலையில் மறுபடி பதிவகத்துக்குப் போனோம். எங்கள் உறுதி இன்னும் கந்தோர் மேசையில்தான் இருந்தது. திரும்பவும் ஒரு கடிதம். செப்டெம்பர் நடுப்பகுதியில் பதிவு இலக்கத்தோடு உறுதி கைக்கு வந்தது.

சட்டத்தரணிகள் எல்லோரும் இப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் சக ஆசிரியர் ஒருவரின் காணியை இரண்டரை மாதத்தில் சுத்தமாக முடித்துக் கொடுத்தவரும் இதே யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறார். வேலை கொடுக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். தோம்புக்கு எப்போது விண்ணப்பிப்பீர்கள்? யார் யார் கையெழுத்து வேண்டும்? வரைவு எப்போது வாசிக்கத் தருவீர்கள்? எழுதியபின் எத்தனை நாளில் பதிவீர்கள்? பதிலைக் கொப்பியில் குறித்து வையுங்கள். முகம் சுளிப்பவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நெடுந்தீவில் இருந்தும் நயினாதீவில் இருந்தும் பதிவகத்துக்கு வருபவர்கள் படகு பிடித்து, குறிகட்டுவானில் பஸ் ஏறி, ஒரு கையெழுத்துக்காக ஒரு முழு நாளைக் கொடுக்கிறார்கள். அப்படிப் போக முடியாத வயதானவர்கள், படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் இருந்தால் உட்பெட்டியில் எழுதுங்கள். பள்ளிக்கூட விடுமுறை நாளில் நாங்கள் போகும்போது சேர்ந்து போகலாம். தமிழர், முஸ்லிம் என்று பாராமல், எல்லோருடைய காணியும் அவரவர் பெயரில் சுத்தமாக இருக்கட்டும். இன்னொரு பிள்ளை தன் வாப்பா, அப்பா கந்தோர் கந்தோராக அலைவதைப் பார்த்து வளரக்கூடாது. துஆ செய்யுங்கள்.